செட்சுகோவின் டப்பாவும் சயாமுக்குப் போனவர்களும்

ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அறை. வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. ஜப்பானியக் கலாசார மன்றத்தின் திரையிடல். வாசலில் 'டீமன் ஸ்லேயர்' நெசுகோவைப் போல உடுத்தியிருந்த ஒரு மாணவி, வாயில் இருக்க வேண்டிய மூங்கில் துண்டைக் கையில் பிடித்தபடி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வளாகத்தில் இப்படிக் கலந்து உட்காரும் அறைகள் அதிகமில்லை என்று என்னைக் கூட்டிப்போன தங்கை சொன்னாள். சித்தப்பா மகள். குளுவாங்கிலிருந்து வந்து பொறியியல் படிக்கிறாள். "அண்ணே, இந்தப் படத்தப் பாத்துட்டு அழாம வெளிய வந்தீங்கன்னா, நீங்க கல்லுதான்" என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

படம், இசாவோ தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. மின்மினிகளின் கல்லறை. 1988இல் வந்தது. பதினான்கு வயது செய்த்தாவும் நான்கு வயது தங்கை செட்சுகோவும் கோபே நகரின் குண்டுவீச்சில் தாயை இழக்கிறார்கள். அத்தை முறைக்காரியின் வீட்டில் ஒண்டுகிறார்கள். அங்கே மரியாதை குறையக் குறைய வெளியேறி ஒரு குகையில் குடியேறுகிறார்கள். பிறகு பசி. ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள். இதை முதல் நிமிடத்திலேயே படம் சொல்லிவிடுகிறது. முடிவு தெரிந்தேதான் பார்க்கிறோம்.

நான் அழுதேன். அதை இங்கே பெரிதுபடுத்த வேண்டியதில்லை. நான் எழுத வந்தது விளக்கைப் போட்ட பிறகு நடந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி.

அந்தப் பிள்ளைகள் பேசியதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. ஆவிகளாக வரும் இருவர் மீதும் ஏன் சிவப்பு வெளிச்சம் விழுகிறது என்று ஒருவன் கேட்டான். மிட்டாய் டப்பா படத்தில் எங்கெங்கே வருகிறது என்று ஒருத்தி வரிசையாகச் சொன்னாள்: முதலில் மிட்டாய், பிறகு மிட்டாயின் வாசம் மிஞ்சிய தண்ணீர், கடைசியில் எலும்பு. அத்தை கெட்டவளா, இல்லை பஞ்சகாலத்தில் எல்லாரும் அப்படித்தானா என்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். செய்த்தா ரோஷத்தை விட்டு அத்தையிடம் திரும்பிப் போயிருந்தால் தங்கை பிழைத்திருப்பாள் என்று ஒரு மலாய்ப் பையன் சொன்னபோது அறையே எதிர்த்தது. அவன் சொன்னதுதான் ஏறக்குறைய தகஹாதாவின் எண்ணமும். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று வகைப்படுத்துவதை அவர் ஏற்றதில்லை. சமூகத்தை உதறிவிட்டுத் தனக்கென ஒரு சின்ன உலகம் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே அழிகிற இளைஞன் என்றுதான் செய்த்தாவைப் பார்த்தார்.

நம் இலக்கியக் கூட்டங்களை நினைத்துக்கொண்டேன். ஒரு நாவலில் ஒரு பொருள் எத்தனை இடத்தில் வருகிறது, ஒவ்வொரு முறையும் என்னவாக மாறுகிறது என்று யாராவது எண்ணிச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? வாழ்த்துரை, நூல் அறிமுகம், ஆசிரியரின் ஏற்புரை, பசியாறல். அவ்வளவுதான். பொம்மைப்படம் பார்த்துக் கெட்டுப்போகிறது என்று நாம் அலுத்துக்கொள்ளும் தலைமுறைக்கு உற்றுப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

எல்லாரும் பேசி ஓய்ந்தபின் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"செய்த்தாவோட அப்பா எங்க இருக்காரு?"

"நேவில, அண்ணே. கப்பல்ல."

"அந்தக் கப்பல் எந்தக் கடல்ல?"

பதில் இல்லை. அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. படமே பதில் சொல்வதில்லை.

*

அகியுகி நோசாகா 1967இல் எழுதிய கதை இது. அவருடைய சொந்தக் கதை. கைக்குழந்தையாக இருந்த வளர்ப்புத் தங்கை 1945இல் பசியால் செத்தாள். செய்த்தா அளவுக்குத் தான் அன்பாக இருக்கவில்லை, அவள் பங்கையும் தின்றேன் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவர் நோசாகா. அந்தக் குற்ற உணர்வுதான் கதையானது. தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் தப்பியவர். எரிந்துகொண்டு விழும் குண்டுகளின் சத்தத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் படம் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு குறுகலாகவும் இருக்கிறது. கேமரா ஒரு குழந்தையின் உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் டப்பா தெரியும், சேற்றில் பிடித்த சோற்று உருண்டை தெரியும், கடைசியாக ஊட்டப்பட்ட தர்ப்பூசணித் துண்டு தெரியும். கடலுக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்பாவின் கடற்படை ஒரே ஒருமுறை தெரிகிறது, கொசுவலைக்குள் மின்மினிகளை விட்டிருக்கும் இரவில். அந்த வெளிச்சம் செய்த்தாவின் கண்ணில் விளக்கேற்றிய போர்க்கப்பல்களின் அணிவகுப்பாக விரிகிறது. பையன் பூரிக்கிறான். பார்க்கும் நமக்கும் அந்த நிமிடம் அழகாகவே இருக்கிறது.

எனக்கு அங்கேதான் தொண்டையில் ஏதோ சிக்கியது. அந்தக் கடற்படையும் ராணுவமும் 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கின. எழுபது நாளுக்குள் ஜோகூர் முடிந்து சிங்கப்பூரும் விழுந்தது. 1942 ஜனவரியில் மூவார் சண்டைக்குப் பிறகு, பாரிட் சூலோங்கில் காயம்பட்டுக் கிடந்த ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்களைக் கொன்று எரித்தார்கள். ஜொகூர் பாருவில் சுல்தானின் புக்கிட் செரீன் அரண்மனையில் உட்கார்ந்துதான் யமாஷித்தா சிங்கப்பூரைப் பார்த்தார். நாங்கள் படம் பார்த்த அறையிலிருந்து காரில் போனால் அரைமணி நேரம்.

இன்னும் பின்னால் போகலாம். பத்து பஹாட் பக்கம் ஸ்ரீமேடானில் இஷிஹாரா என்ற ஜப்பானிய முதலாளியின் இரும்புச் சுரங்கம் 1920களிலேயே ஓடிக்கொண்டிருந்தது. தாது கப்பலேறி யாவாதா உருக்காலைக்குப் போனது. செய்த்தா பார்த்துப் பூரித்த கப்பல்களில் ஏதோ ஒன்றில் ஜோகூர் மண் ஒரு ஆணியாகவாவது இருந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது. ஆனால் நினைத்துப் பார்க்காமல் அந்தக் காட்சியை இனி என்னால் பார்க்க முடியாது.

*

இந்த இடத்தில் இரண்டு குரல்கள் எழும். எனக்கு இரண்டும் பழக்கம்.

முதலாவது, பெரியவர்களின் குரல். "சப்பான்காரன் நம்மாள சயாமுக்குக் கொண்டுபோயி கொன்னான். நீ அவன் பொம்மைப் படத்தப் பாத்து அழுவுற." இரண்டாவது, பிள்ளைகளின் குரல். "அது வேற, இது வேற. அவங்க செஞ்சதுக்கு இவங்க என்ன பண்ணுவாங்க?"

முதல் குரலில் கோபம் நியாயம், வாசிப்பு தவறு. நான்கு வயதுப் பிள்ளை எந்த நாட்டையும் பிடிக்கவில்லை. இரண்டாவது குரலில் அன்பு நியாயம், ஆனால் அதுவும் வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. "அது வேற" என்று ஒதுக்கிவிட்டால் பிறகு அங்கே பார்க்க எதுவும் இல்லை என்றாகிவிடும். ஒரு டப்பாவை அத்தனை கவனமாகப் பின்தொடர்ந்த பிள்ளைகள் இங்கே மட்டும் ஏன் கண்ணை எடுக்க வேண்டும்?

ஜப்பானியப் படைப்பாளிகளே எடுக்கவில்லை என்பதுதான் விஷயம். மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) ஜீரோ விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியைப் பற்றியது. அதில் ஹோன்ஜோ என்ற நண்பன் வருகிறான். பசித்த பிள்ளைகளுக்கு ஜிரோ கேக் கொடுக்கப் போய், அவர்கள் வாங்காமல் ஓடிவிடுவார்கள். விமானத்துக்குக் கொட்டும் காசில் நாட்டுப் பிள்ளைகளுக்கே சோறு போடலாம் என்று ஹோன்ஜோ அப்போது சொல்லிக்காட்டுவான். அந்த ஹோன்ஜோவும் உண்மை மனிதர்தான். அவர் வடிவமைத்த மிட்சுபிஷி குண்டுவீச்சு விமானங்கள்தாம் போரின் முதல் விடியலில் சிங்கப்பூர் மேல் பறந்தன, இரண்டு நாள் கழித்து குவாந்தானுக்கு அப்பால் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. மியாசாகிக்கு இது தெரியும். கடைசியில் உடைந்த விமானங்களின் வெளியைக் காட்டிவிட்டு, கனவு அழகானது, சாபமும்தான் என்கிற இடத்தில் நின்றுகொள்கிறார். விமானம் இறங்கிய ஊர்கள் படத்தில் இல்லை. தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொண்ட படம் என்று நான் சொல்வேன். அழகான படமும்கூட. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு படம். ஃபுமியோ கோனோவின் மாங்காவிலிருந்து சுனாவோ கதாபுச்சி எடுத்த 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' (2016). குரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்கு மருமகளாகப் போகும் சுசு, படம் வரைவாள், புல் பூண்டைப் பறித்துச் சமைப்பாள், அரிசியை ஊதவைத்துப் பானையை நிரப்பப் பார்ப்பாள். 1945 ஆகஸ்ட் 15, வானொலியில் சக்கரவர்த்தி சரணடைகிறார். அதுவரை பரமசாதுவாக இருந்தவள் வெளியே ஓடுகிறாள். ஊருக்குள் எங்கோ ஒரு வீட்டின் மேல் கொரியக் கொடி ஏறுகிறது. அவள் கதறி அழும்போது சொல்வதன் சாரம் இதுதான்: கடல் தாண்டி வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆனவள் நான்.

அந்த ஒரு வசனத்தில் செய்த்தாவின் குகைச் சுவர் உடைகிறது. கொரியாவிலும் தைவானிலும் விளைந்து தன் பானைக்கு வந்த சோறு யாருடையது என்று பானையின் முன்னால் நின்றவளே கேட்டுவிடுகிறாள். இத்தனைக்கும் கோனோவின் மாங்காவில் அந்த இடத்தில் வருவது வன்முறையைப் பற்றிய பேச்சு, இன்னும் நேரடியான அரசியல். கதாபுச்சி அதைச் சோற்றுக்கு மாற்றினார். கூர்மை மழுங்கிவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் முழுக்க அரிசியை அளந்துகொண்டிருந்தவளுக்கு உண்மை அரிசியாகத்தான் வந்து சேரும். ஜப்பான் போர்க்காலத்தைப் பற்றி நான் பார்த்த அனிமே எதிலும் இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் இல்லை.

*

என் பாட்டிக்கு ஜப்பான்காரன் காலத்தில் நான்கு வயது. செட்சுகோவின் வயது. லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டம். பாட்டியின் அப்பாவை சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. நாங்கள் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுத் தின்னும்போது எழுந்து வெளியே போய்விடுவார். பர்மா அரிசி நின்றுபோன அந்த வருடங்களில் மலாயா முழுக்கக் கிழங்கைத் தின்றுதான் உயிரைப் பிடித்திருந்தது. "வயிறு ரொம்பும், உசுரு ரொம்பாது" என்பார். அப்பாவின் முகம் நினைவில்லை. எதைக் கொண்டுபோனார், என்ன சட்டை, யார் வழியனுப்பினார்கள், ஒன்றும் தெரியாது.

பர்மா - சயாம் ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் 60,000க்கும் மேல், அவர்களில் 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. உலகமே பார்த்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. அதிலும் தமிழன் கதையில் இல்லை.

இதை எழுதியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று நாவல்கள் இருக்கின்றன. தப்பி வந்தவர்களின் வாய்மொழியை சீ. அருண் நூலாகத் தொகுத்திருக்கிறார். இவர்கள் எழுதாமல் போயிருந்தால் பேசுவதற்கே எதுவும் மிஞ்சியிருக்காது. நன்றியோடு இதைச் சொல்லிவிட்டுத்தான் என் குறையைச் சொல்ல வேண்டும்.

நம் நாவல்களுக்கு நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. கோபே எரிந்தது என்று தகஹாதா யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஊரே பார்த்தது, பாடப்புத்தகத்தில் இருக்கிறது, படத்துக்குப் பணம் போட ஒரு பெரிய பதிப்பகம் இருந்தது. அதனால் அவருக்கு ஒரு டப்பாவோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்தது. நம் எழுத்தாளனோ, இப்படி ஒன்று நடந்தது ஐயா, நம்புங்கள் என்று தொடங்க வேண்டியவன். முகாம், காலரா, புண், அடி, எண்ணிக்கை என்று சாட்சி சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு சாவில் நிற்பதற்குள் அடுத்த சாவு கூப்பிட்டுவிடும். படித்து முடித்தால் நமக்குப் பெரும் துயரத்தின் கனம் தெரிகிறது, ஒரு பிடி சோற்றின் கனம் தெரிவதில்லை. என் தங்கை 'நினைவுச் சின்னம்' படித்திருக்கிறாள். "பாவமா இருந்துச்சு" என்றாள். செட்சுகோவைப் பற்றி அவள் அப்படி ஒற்றை வார்த்தையில் சொல்லவில்லை.

தமிழில் முடியாது என்பதில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. ஜப்பானியர் நுழையும் மெடான் நகரத்தின் தெருப்பெயர், கடைப்பெயர், யார் எங்கே நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பது வரை அதில் உண்டு. பாண்டியனின் நினைவில் மதுரைக் கடைத்தெருவே அடுக்கடுக்காக எழும். எவருக்கும் எதையும் நிரூபிக்கிற அவசரம் சிங்காரத்துக்கு இல்லை. அதனால்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தத் தெருக்களில் நம்மால் நடக்க முடிகிறது. ஆனால் அது வட்டிக்கடைகளின், வணிகர்களின், படையில் சேர்ந்த வாலிபர்களின் உலகம். லயத்துக்கும் ஆயாக்கொட்டாய்க்கும் அப்படி ஒரு கண் இன்னும் கிடைக்கவில்லை. அப்பாவை ஏற்றிப்போன லாரியை ஆயாக்கொட்டாய் வாசலிலிருந்து பார்த்த நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்தில் கேமராவை வைத்த தமிழ் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.

*

அன்றிரவு திரும்பும் வழியில், தாமான் யுனிவர்சிட்டியில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். சயாமுக்கு ஆள் பிடித்த விதங்களில் ஒன்றை அவளுக்குச் சொன்னேன். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிடுவார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவை அடைத்துவிடுவார்கள். ஆம்பளைகளை அப்படியே ரயிலேற்றிவிடுவார்கள். எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கிறது, பதிவுகள் இருக்கின்றன.

தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்ன படம் போட்டிருப்பான், அண்ணே?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. எத்தனையோ தடவை இந்தச் செய்தியைப் படித்திருக்கிறேன், மேடையில் சொல்லியும் இருக்கிறேன். கதவு அடைபட்டதைச் சொல்வேன், ரயிலைச் சொல்வேன். திரையில் என்ன ஓடியது என்று கேட்டதில்லை. கதவு அடைபடுவதற்கு முன்னால் அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், தரையில் உட்கார்ந்தார்களா பெஞ்சிலா, வாலிபன் ஒருவன் தம்பியைத் தோளில் தூக்கி வைத்திருந்தானா, அந்தத் தம்பியை என்ன செய்தார்கள். அவள் கேட்கக் கேட்க எனக்குப் பதில் இல்லை. டப்பாவை எண்ணிப் பழகிய கண் இது. அனிமே பார்த்துப் பார்த்து வந்தது.

மன்றத்தில் அடுத்த மாதத் திரையிடலுக்குப் பரிந்துரை கேட்டிருக்கிறார்களாம். சுசுவின் படத்தைப் போடச் சொல்லப்போகிறாளாம். முடிந்ததும் பத்து நிமிடம் பேச அனுமதி வாங்கியிருக்கிறாளாம். மலாய்ப் பிள்ளைகள் வீட்டிலும் சீனப் பிள்ளைகள் வீட்டிலும் ஜப்பான்காரன் காலத்துக்கு வேறுவேறு கதை இருக்கும், அதையும் கேட்க வேண்டும் என்றாள். என்ன பேசுவாள் என்று நான் கேட்கவில்லை. பாட்டி மரவள்ளிக்கிழங்கு தின்னாததைப் பற்றிக் கேட்டுக்கொண்டாள். அவித்ததைத்தான் தொடமாட்டாரா, பொரித்ததையுமா என்று. எனக்குத் தெரியவில்லை. சித்திக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன்.